ஸ்டோர்காரர் படத்தில் நின்ற கதை

பஞ்சரை ஒரு துன்பம் என்று நினைக்கிறவர்கள் ஸ்டோர்காரருக்கு முன்னால் வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. முன்னே போகிற பைக் ஒன்று வளைவில் லேசாக இடுப்பை ஆட்டினால் போதும், ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் மலர்ந்துவிடும். சவப்பெட்டிக் கடைக்காரர் இருமுகிற ஆளைப் பார்க்கிற கருணை அது. "அடடா, பின் சக்கரம் போச்சே" என்று வாய் வருந்திக்கொண்டிருக்கும்போதே கை பஞ்சர் பையின் ஜிப்பைத் திறந்திருக்கும். ஆணி எந்தக் கோணத்தில் ஏறியிருக்கிறது, எத்தனை கிலோமீட்டராக உள்ளே குடியிருக்கிறது, முந்தா நாளே காற்றைச் சரிபார்த்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்று அவர் சொல்லச் சொல்ல, வண்டிக்குச் சொந்தக்காரன் கைகட்டி நின்று கேட்க வேண்டும். கேட்டுத்தான் ஆக வேண்டும். நடுவழியில் அவனுக்கு வேறு போக்கிடம் ஏது.

பைக் பயணம் இல்லாத நாட்களில் ஸ்டோர்காரருக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு கம்பெனியின் கீழ்த்தளத்தில், கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால், இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். மெக்கானிக் சீட்டை நீட்டுவான், இவர் சாமானை நீட்டுவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் சீட்டில் எழுதியதை எல்லாம் ஒரே நடையில் எடுத்துக் கொடுப்பது அவர் கொள்கைக்கு விரோதம். போல்ட் கொடுப்பார், வாஷர் கொடுக்க மாட்டார்.

"வாஷர் எங்க சார்?"

"அது வேற ரேக்கு. நாளைக்கு வா."

எல்லாவற்றையும் இன்றைக்கே கொடுத்துவிட்டால் நாளைக்கு எவன் நம்மை நினைக்கப்போகிறான் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட், விரல்நுனி அளவு வாஷருக்காக இரண்டு நாள் நடுமாடியில் தொங்கியது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் போர்வையில் கட்டிப் படிக்கட்டில் தூக்கிப் போனார்கள். இரண்டாம் நாள் மாலை மேனேஜரே கீழே இறங்கி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், கொஞ்சம் மனசு வையுங்க" என்றார். ஸ்டோர்காரரின் வாழ்க்கையில் பொற்காலம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு 'சார்'தான்.

இப்படிப்பட்ட மனிதர் தூரப் பயணம் போகிற பைக் கோஷ்டி ஒன்றில் சேர்ந்தார் என்றால், அவருக்கு எந்தப் பொறுப்பு வந்து சேரும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கோஷ்டியில் பன்னிரண்டு பேர். தலைவர் ஒரு டைல்ஸ் கடை முதலாளி. எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: ஒரு பொருளுக்கு ஒரு ஆள். அடுப்பும் கெட்டிலும் ஒருவர். படமெடுக்கிற ஸ்டாண்ட் ஒருவர். முதலுதவிப் பெட்டி ஒருவர். ஒருவர் கொண்டுவருவதை இன்னொருவர் கொண்டுவரக் கூடாது, வீண் சுமை. பஞ்சர் சாமான் ஸ்டோர்காரருக்கு.

பையின் எடை பதினொரு கிலோ. ஓட்டையைச் சுத்தம் செய்கிற முறுக்கு அரம், அடைப்பதற்கான ரப்பர் திரிகள், திரியைக் கோத்து உள்ளே தள்ளுகிற ஊசி, பசை, வண்டி பேட்டரியில் மாட்டி ஓட்டுகிற சின்னக் காற்று மோட்டார், மீட்டர், டயர் நெம்புகிற லீவர் மூன்று, பழைய வண்டிக்காரர்களுக்காக டியூப் இரண்டு, சோப்புத் தண்ணீர் பாட்டில், முட்டி போட ஒரு துண்டு ரப்பர் பாய். இதை எல்லாம் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினால், அவர் வண்டியின் முன் சக்கரம் தரையில் பட்டும் படாமலும் வரும். மற்ற பதினொரு பேரும் கைவீசிக்கொண்டு ஓட்டினார்கள். முதல் வருஷம் முதுகுக்குப் பின்னால் 'மூட்டையண்ணன்' என்றார்கள். இரண்டாம் வருஷம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

பை வைத்திருக்கிறவர் கடைசி வண்டியாகத்தான் வர வேண்டும். முன்னால் எவனுக்குப் போனாலும் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா. ஒட்டி முடித்ததும் ஒட்டுப் போட்டுக்கொண்டவன் பறந்துவிடுவான். ஸ்டோர்காரர் சூடு ஆறும் வரை மோட்டாரை வைத்திருந்து, துடைத்து, சுருட்டி, அடுக்கி, மூட்டை கட்டி வந்து சேர்வதற்குள் டீ ஆறியிருக்கும், அல்லது தீர்ந்திருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கோஷ்டி ஒரு மலைக் கணவாய்க்குப் போகும். உச்சியில் உயரம் எழுதிய ஒரு கல் நிற்கும். அதன் முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்து, பெரிதாகப் போட்டு, கேப்டனின் கடைக்கு மேல் உள்ள கிளப் அறையில் மாட்டுவார்கள். மதியத்துக்கு மேல் கல்லை மேகம் மூடிவிடும் என்பதால் பன்னிரண்டு மணிக்குள் படத்தை முடித்தாக வேண்டும். இதுவரை ஒன்பது படம். ஒன்றிலும் ஸ்டோர்காரர் இல்லை. இரண்டு படத்தை அவரே எடுத்தார். ஆறு வருஷம் அவர் போய்ச் சேர்ந்தபோது மேகம் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. ஐந்தாம் வருஷப் படத்தில் ஓரமாக ஒரு நிழல் இருக்கிறது.

இது அவருக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை, மனைவியின் தம்பி வாயைத் திறக்கும் வரை. அவன் ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர். மாமாவின் வண்டிமேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், போனில் இருந்த ஒன்பது படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"அத நான்தான் எடுத்தேன்."

"இதுல?"

"நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க."

"சரி, இதுல?"

"ஓரமா ஒரு நிழல் இருக்கு பாரு. அது நான்."

"நான் ஏதோ பாறைன்னு நினைச்சேன்."

மனைவி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "அக்கா, வருஷா வருஷம் நாலு நாள் ஒரு மனுஷன் வீட்ல இருக்கறதில்ல. எங்க போனார்ங்கறதுக்கு ஒரு சாட்சியும் இல்ல. ஒரு பாறைதான் இருக்கு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், கழுவாமல் திரும்பி வந்தாள்.

"ஒன்பது வருஷமா சோறு கட்டிக் குடுத்து அனுப்புறேன். ஒரு படம் கேட்டா நிழலக் காட்டுறீங்க. இந்த வருஷமும் படத்துல இல்லேன்னா வண்டி தம்பிக்கு. விளக்கமெல்லாம் எனக்கு வேண்டாம்."

தம்பி அடக்கமாக நகத்தைப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த வாரம் கிளப் அறையில் ஸ்டோர்காரர் எழுந்து நின்றார்.

"கேப்டன், இந்தத் தடவை நான் முன்னாடி வரலாமா? படத்துல நிக்கணும்."

"நீங்க முன்னாடி வந்தா பின்னாடி யாரு வர்றது?"

"மூட்டையண்ணன் முன்னாடி போனா நமக்குக் காத்தே வராதே" என்றார் கெட்டில்காரர்.

"இல்ல, வீட்ல கேக்குறா. நான் நிஜமாவே வர்றேனான்னு சந்தேகப்படுறா."

"அண்ணிக்கு நீங்க இருக்கீங்களான்னு சந்தேகமா, இல்ல ஏன் இருக்கீங்கன்னு சந்தேகமா? தெளிவாச் சொல்லுங்க" என்றார் அதே கெட்டில்காரர்.

அறை குலுங்கியது. ஸ்டோர்காரரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் நின்றால் இன்னும் இரண்டு விழும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் கேப்டன் கையை உயர்த்தினார். "சரி, பாவம். முதல் அஞ்சு வண்டியில வரட்டும். பைய யாரு எடுத்துக்கறீங்க?"

அந்த நிமிஷத்தில் பத்துப் பேருக்கு முதுகு வலி வந்தது. கைதூக்கியது ஒருவர்தான். அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர். முதலுதவிப் பெட்டியும் அவரிடம்தான் இருந்தது.

"ஒரு தடவை சொல்லிக் குடுங்கண்ணே, போதும்" என்றார் டாக்டர். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய, பதமான குரல்.

ஒரு தடவையில் வருகிற வித்தையா இது. ஸ்டோர்காரர் பழைய டயர் ஒன்றில் ஆணியை அடித்து, பாயை விரித்து, முட்டி போட்டு, இருபது நிமிஷம் விளக்கினார். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓ. கெட்டத எடுக்கணும், ஓட்டையச் சுத்தம் பண்ணணும், அடைக்கணும், மிச்சத்த வெட்டணும். தினமும் இதத்தானே பண்றேன். என்ன, டயர் அழாது."

அதே டயரில் இன்னொரு ஆணி. டாக்டருக்கு நான்கு நிமிஷம் ஆனது. பேச்சே இல்லை. சோப்புத் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு குமிழி வரவில்லை. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஒன்பது வருஷத்தில் ஸ்டோர்காரருக்கு யாரும் தட்டியதில்லை. ஆணி ஒன்று அவர் நெஞ்சிலும் ஏறியது. எந்தக் கோணத்தில் என்று அவரே சொல்லியிருப்பார்.

கிளம்பும் அன்று விடிந்ததும் பெட்ரோல் பங்க்கில் பை கைமாறியது. ஸ்டோர்காரர் ஒவ்வொரு அறையாகத் திறந்து, இது இங்கே, அது அங்கே என்று காட்டினார். டாக்டர் தலையாட்டினார். பெட்ரோல் போடுகிற பெண் டாக்டரைக் கூப்பிட, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் ஸ்டோர்காரரின் கை, தலையைக் கேட்காமலே, ஒரு காரியம் செய்தது. மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட ஊசியை உருவி, ஜாக்கெட்டின் மார்புப் பையில் செருகிக்கொண்டது.

திருட்டு என்று அதைச் சொல்ல முடியாது. ஊசி அவருடையதுதான். போல்ட்டைக் கொடுத்து வாஷரை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வழியில் யாருக்கும் எதுவும் ஆகாவிட்டால் படத்தில் நிற்கலாம். ஏதாவது ஆனால், ஊசி இல்லாமல் டாக்டர் விழிப்பார், "அண்ணனக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள், அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பார். இப்படியும் லாபம், அப்படியும் லாபம். "நீங்களே மூடிடுங்க டாக்டர்" என்று ஜிப்பை அவர் கையிலேயே கொடுத்தார்.

பதினொரு கிலோ இல்லாத வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. ஒன்பது வருஷமாக முதுகுகளையே பார்த்து வந்தவருக்கு முன்னால் வெறும் ரோடு. கொஞ்ச தூரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களின் டயரைத் தேடிக்கொண்டே மலை ஏறினார்.

பத்தே முக்காலுக்கு உச்சி. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பத்துப் பேர் ஆனது. கேப்டனும் டாக்டரும்தான் பாக்கி. எப்போதும் முதலில் போகிற கேப்டனை மலையடிவாரத்தில் ஒரு கட்டிட கான்ட்ராக்டர் போனில் பிடித்துக்கொண்டதால், அவர் பின்தங்கிக் கடைசி வண்டியோடு வந்துகொண்டிருந்தார். ஸ்டாண்டை விரித்துப் போனை மாட்டினார்கள். ஸ்டோர்காரர் தலை சீவிக்கொண்டார். அப்போது அவருடைய போன் அடித்தது. கேப்டன்.

"ஸ்டோரண்ணே, எனக்குப் பின் சக்கரம் போச்சு. ஒம்போது கிலோமீட்டர் கீழ நிக்கிறோம். டாக்டர் ஆணிய எடுத்து ஓட்டையச் சுத்தம் பண்ணிட்டார். ஊசியக் காணோம்."

"அடடா, என் பையிலயே தங்கிடுச்சு, இதோ வர்றேன்." இதுதான் சொல்ல வேண்டியது. பங்க்கில் நின்றபோதே தயாராக இருந்த வசனம். ஆனால் நாக்கு நுனியில் நின்றபடி அது ஒரு கணக்குப் போட்டது. ஒன்பது கிலோமீட்டர் இறங்க வேண்டும். ஒட்ட வேண்டும். ஒட்டியதும் கேப்டன் பறந்துவிடுவார். சாமானைத் துடைத்துக் கட்டி மேலே வருவதற்குள் என்ன ஆகும் என்பது ஒன்பது வருஷமாகப் பார்த்ததுதான். பத்தாம் வருஷமும் பாறை. துணிக்கடைத் தம்பி வண்டி சாவியைச் சுழற்றிக்கொண்டு போவது கண்முன் தெரிந்தது.

"சைடு ஜிப்புல பாருங்க கேப்டன்."

"பாத்தாச்சு."

"அப்ப சின்ன டப்பாவுல இருக்கும்."

"அதுலயும் இல்ல. தூறல் வேற போடுது."

"பையக் கவுத்துக் கொட்டிப் பாருங்க. இருக்கும், எங்க போகப்போகுது."

கொட்டுகிற சத்தம் போனில் கேட்டது. லீவர்கள் கல்லில் விழுந்தன. ஸ்டோர்காரரின் வலது கை மார்புப் பைக்குள் போய் மஞ்சள் பிடியைத் தடவிப் பார்த்தது. பத்திரமாக இருந்தது.

"இல்லண்ணே. நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"காலையில வச்சேனே. டாக்டர்தான் மூடினார்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 'உங்களால தாண்ணே முடியும், கொஞ்சம் வந்துடுங்க' என்று கேப்டன் ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால், படமாவது மண்ணாவது என்று அவர் இறங்கியிருக்கவும் கூடும். மனிதர் அப்படித்தான். கேப்டன் கெஞ்சவில்லை. யாரோடோ என்னவோ பேசினார். பிறகு, "சரி விடுங்க, டாக்டர் ஏதோ பண்றேங்கிறார். நீங்க அங்கயே இருங்க" என்று வைத்துவிட்டார்.

செய்தி பரவியது. குளிரில் கால் மாற்றி நின்ற ஒன்பது பேருக்கும் திட்ட ஒரு ஆள் கிடைத்தான்.

"புடுங்குன பல்ல எங்க வைக்கிறாரோ அங்கதான் ஊசியையும் வச்சிருப்பார்" என்றார் கெட்டில்காரர்.

"புது ஆளுகிட்ட குடுத்தா இப்படித்தான்" என்றார் ஸ்டோர்காரர். "நான் ஒன்பது வருஷம் தூக்குனேன். ஒரு திரி தொலைஞ்சிருக்குமா?"

"அதச் சொல்லுங்க. அண்ணன் அருமை இப்பத்தான் தெரியுது."

ஒன்பது தலைகள் ஆடின. கெட்டில்காரர் முதல் டீயை ஊற்றி அவரிடம் நீட்டினார். அந்தக் கோஷ்டியில் அவர் குடித்த முதல் சூடான டீ அது. டாக்டரும் கேப்டனும் சேற்றில் தேடிக்கொண்டிருக்கையில் அது அவருக்கு இனித்தது. அதை மறைப்பதற்கில்லை.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு வண்டிகளும் வந்தன. இரண்டு பேருக்கும் முழங்கால் வரை சேறு. கேப்டனின் கட்டை விரலில் பெரிய கட்டு. துணியையும் மீறி ரத்தம். ஊசிக்குப் பதில் முதலுதவிப் பெட்டியில் இருந்த கவ்வியால் டாக்டர் திரியைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். மூன்று தடவை வழுக்கி, நான்காம் தடவை உள்ளே போயிருக்கிறது. மூன்றாம் தடவை வழுக்கியபோது கேப்டனின் விரல் நடுவில் இருந்திருக்கிறது.

"ஊசி இல்லாமலே ஊசி போடுற டாக்டர் வந்தாச்சு" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். டாக்டர் மறுத்துப் பேசவில்லை. "மூடுறப்ப ஒரு தடவ பாத்திருக்கணும். என் தப்புதான்" என்றார்.

ஸ்டோர்காரர் அவர் முதுகில் தட்டினார். "பரவால்ல டாக்டர். பழகப் பழக வந்துடும்."

மேகம் கல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. எல்லோரும் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். ஓரத்தில் ஒதுங்கப் போன ஸ்டோர்காரரை, கட்டுப்போட்ட கையாலேயே கேப்டன் இழுத்தார். "எங்க போறீங்க? ஒன்பது வருஷம் நிக்காததுக்கு நடுவுல நில்லுங்க." கல்லை ஒட்டி, நட்டநடுவில் நிறுத்தினார். வலது பக்கம் கேப்டன், இடது பக்கம் டாக்டர். ஸ்டாண்டுக்காரர் பத்து நொடி வைத்துவிட்டு ஓடி வந்து ஒட்டிக்கொண்டார்.

"நெருங்குங்க, நெருங்குங்க."

பன்னிரண்டு பேர் நெருங்கினால் நடுவில் நிற்கிறவனை இரண்டு பக்கமும் பிழியும். பிழிந்ததில் மார்புப் பையிலிருந்து மஞ்சளாக ஒன்று மெல்ல முளைத்தது. ஸ்டோர்காரர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பார்த்துவிட்டார். கடைவாயின் இருட்டில் கடுகளவு கறுப்பைக் கண்டுபிடிக்கிற கண் அது. இரண்டு விரலை நீட்டி, ஆட்டாமல் அசைக்காமல், ஒரே இழுப்பில் உருவினார்.

"இதோ" என்றார்.

பதினொரு முகமும் திரும்பியது. போன் 'கிளிக்' என்றது.

டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வலிக்கலையே அண்ணே?" என்று கேட்டார், தினமும் கேட்கிற அதே குரலில்.

"இது எப்படி... காலையில அவசரத்துல..."

"நான் வாழ்க்கையில யாருக்கும் முட்டி போட்டதில்ல, ஸ்டோரண்ணே" என்றார் கேப்டன். குரல் உயரவில்லை. "இன்னைக்குப் போட்டேன். சேத்துல, மழையில, முக்கால் மணி நேரம். நீங்க போன்ல, சின்ன டப்பாவுல பாருங்கன்னு சொன்னீங்க. பாத்தேன்."

அடித்திருக்கலாம், கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டோர்காரர் அதற்குத் தயாராகக் கழுத்தைக் குனிந்துகொண்டு நின்றார். கேப்டன் ஊசியை வாங்கித் துடைத்து, "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று டாக்டரிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு நடந்தார்.

"இன்னொரு படம் எடுக்கணுமா?" என்றார் ஸ்டாண்டுக்காரர். கல் அதற்குள் மேகத்தில் மறைந்திருந்தது.

கோஷ்டியை விட்டு அவரை நீக்கவில்லை. அந்த அளவு நல்ல மனசு அங்கே யாருக்கும் இல்லை. அடுத்த பயணத்திலிருந்து ஆறாவது வண்டியாக, சரியாக நடுவில் போட்டார்கள். பை டாக்டருக்குப் போனது. ஒரு பொருளுக்கு ஒரு ஆள் என்கிற கோஷ்டியில் அவர் பொருளில்லாத ஆள். வழியில் யாருக்காவது டயர் போனால் அவர் பழக்கத்தில் முட்டி போடப் போவார். "நீங்க இருங்கண்ணே, எதுக்கு உடம்ப அலட்டிக்கறீங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைப்பார்கள். நான்கு நிமிஷத்தில் டாக்டர் முடித்துவிடுவார். டீ சூடாகக் கிடைத்தது. எல்லாப் படத்திலும் இடமும் கிடைத்தது. 'மூட்டையண்ணே' என்று யாரும் கூப்பிடவில்லை. வேறு பேர் சொல்லியும் கூப்பிடவில்லை.

கணவாய்ப் படத்தை மட்டும் கேப்டன் வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டார். கிளப் அறைக்கு ஒன்று; சட்டம் மாட்டி ஆளுக்கு ஒன்று. ஸ்டோர்காரரின் வீட்டுக்குக் கடை ஆளிடமே கொடுத்து அனுப்பினார், அவர் கம்பெனியில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

மாலையில் அவர் வந்தபோது மனைவி படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு ஆண்கள். நட்டநடுவில் அவள் புருஷன், வாயெல்லாம் பல்லாக. மற்ற பதினொரு பேரும் போனைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காமல், வாயடைத்துப்போய், வணங்கத் தகுந்த ஒன்றை வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறவர்கள் மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு கண்ணாடிக்காரர் அவர் நெஞ்சருகே மஞ்சளாக எதையோ பிடித்திருந்தார்.

"என்னங்க இது, எல்லாரும் உங்களையே பாக்குறாங்க."

"ம்."

"இவர் என்ன குத்துறார் உங்க சட்டையில? மெடலா?"

இருபத்தாறு வருஷமாக எதையும் முழுசாகக் கொடுத்துப் பழகாதவர், இந்தத் தடவை முழுசாகக் கொடுத்தார். "ஆமா."

"ஏன் சொல்லவே இல்ல?"

"என்னத்தச் சொல்றது."

"இதான் உங்ககிட்ட. பீத்திக்கத் தெரியாது." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேற நிழலக் காட்டுறீங்கன்னு திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." பிறகு, "மெடல் எங்க?"

"கிளப்புல இருக்கு."

"அங்க எதுக்கு? எடுத்துட்டு வாங்க, ஷோகேஸ்ல வைக்கலாம்."

மூன்று வாரம் தினமும் கேட்டாள். டாக்டரிடம் போய் நிற்க அவரால் முடியவில்லை. ஊருக்கு அந்தக் கோடியில், தன்னைத் தெரியாத ஒரு உதிரிபாகக் கடையில், மஞ்சள் பிடி போட்டதாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்தார். அவள் பழைய வாட்ச் பெட்டியில் பஞ்சு பரப்பி, அதன்மேல் ஊசியைப் படுக்கவைத்து, மகள் பள்ளியில் ஓடி வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தை வாசலுக்கு நேரே மாட்டினாள்.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். படத்தைப் பார்த்தான். ஷோகேஸைப் பார்த்தான். குனிந்து, கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தான்.

"அக்கா, இது பஞ்சர் ஒட்டுற ஊசி மாதிரி இருக்கே."

"ஆமாடா. ஒன்பது வருஷம் ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுனவருக்கு வேற என்னத்தக் குடுப்பாங்க, வெள்ளித் தட்டா?"

வண்டி கைநழுவியது தம்பிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் படத்தை விட்டு அவன் கண் நகரவில்லை. துணிக்கடையில் திருடுகிறவன் முகத்தையும் திருடு கொடுத்தவன் முகத்தையும் தினமும் பார்க்கிறவன் அவன்.

"யாருமே சிரிக்கலையே மாமா."

"மரியாதடா அது" என்றாள் அக்கா. "நீங்க சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவனும் கேக்கட்டும். கேப்டன் என்ன பேசினார்?"

ஸ்டோர்காரர் சாப்பாட்டில் விரலை அளைந்தார். தம்பி நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"கேப்டன்தான் பேசினார்" என்றார் ஸ்டோர்காரர். "'நான் வாழ்க்கையில யாருக்கும் முட்டி போட்டதில்ல, ஸ்டோரண்ணே. இன்னைக்குப் போட்டேன்'னார்."

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் மாமா?" என்றான் தம்பி.

"அப்புறம் மேகம் மூடிடுச்சு."